கற்பகம் மார்க் கம்பி மத்தாப்பு

கோயம்புத்தூர்
4.2.2025

அன்புள்ள லட்சுமிக்கு,

நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை எதற்காக மாற்ற வேண்டும்? எனக்குப் பதில் தெரியாத கேள்வி இது. உனக்குத் தெரிந்தால் எழுது. போனில் கேட்டால் "சரி மதினி, சரி மதினி" என்பாய், நானும் வைத்துவிடுவேன். தவிர, பகலெல்லாம் உன் போன் ஃபாக்டரி கேட்டில்தான் கிடக்கிறது என்று அம்மா சொன்னாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் அம்மா பேசியபோது அரை மணி நேரமும் உன் பேச்சுதான். சனிக்கிழமை சம்பளம் போட்டதும் எல்லோரையும் வேப்பமரத்தடியில் உட்காரவைத்து ஆளுக்கொரு குறை கேட்கிறாயாம். அதில் ஒன்றையாவது திங்கட்கிழமைக்குள் சரிசெய்துவிடுகிறாயாம். "ஒந்தம்பி இருந்தாக்கூட இப்படிப் பண்ணியிருக்க மாட்டான்" என்றாள். மாட்டான்தான். அவன் இறந்துபோன இந்த இரண்டு வருடத்தில் அம்மா அவனை எதற்காவது குறை சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

நான் எம்.எஸ்ஸி. முடித்து வந்த வருடம், புகை குறைந்த மத்தாப்புக்கு ஒரு கலவை எழுதி அப்பாவிடம் காட்டினேன். படித்துக்கூடப் பார்க்கவில்லை. "மருந்து ரூம்புல ஒனக்கு என்ன வேலை" என்று கேட்டார். அடுத்த வைகாசியில் எனக்குக் கல்யாணம். இதை எதற்காகச் சொல்கிறேன் என்றால், அந்த ஃபாக்டரி மாற்றத்துக்குப் பழகிய இடம் அல்ல. பார்த்துச் செய்.

அம்மா முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாளா? விக்னேஷ்குமார் படிக்கிறானா? இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. எனக்கு ஒன்றும் இல்லை.

கற்பகம்

*

நாரணாபுரம்
16.2.2025

அன்புள்ள மதினிக்கு லட்சுமி எழுதிக்கொண்டது. இங்கே அத்தை, விக்னேஷ், நான் மூவரும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் அண்ணனும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை இருக்க வேண்டும்.

உங்கள் கேள்விக்கு எனக்கும் பதில் தெரியாது மதினி. இவர் போனதும் நான் ஃபாக்டரிக்குள் நுழைந்தபோது எனக்கு ஒன்றுமே தெரியாது. முதல் நாள் என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டி ஒட்டும் ஷெட்டில் பெண்களோடு உட்கார்ந்தேன். சாயங்காலம் இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. "தினமும் இப்படித்தானா" என்று கேட்டேன். மாரித்தாய், அந்த ஷெட்டில் மூத்தவள், "இம்புட்டு வருசத்துல இதக் கேட்ட மொத ஆளு நீங்கதான்க்கா" என்றாள். மறுநாள் பெட்டி வைத்து ஒட்டும் பலகையை உயர்த்திப் போட்டோம். அப்படித்தான் ஆரம்பித்தது. தெரியாததால்தான் கேட்டேன். உங்களைப் போலப் படித்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன், நானே சொல்லியிருப்பேன்.

இப்போது ஆபீஸ் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறோம். குறையை ஒரு வரியாக எழுதுவோம். சரிசெய்தவர் அந்த வரியை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுத வேண்டும். பெயர் எழுதுவதற்காகவே வேலை செய்கிறார்கள்.

இந்த வாரம் பசை. மைதா பசையில் மயில்துத்தம் கலக்கிறோம் அல்லவா, அந்த நீல உப்பு பெண்களின் விரலையெல்லாம் வெடிக்க வைக்கிறது. அந்தக் கையால்தான் சாப்பிடவும் வேண்டும். திங்கட்கிழமை முதல் மயில்துத்தம் இல்லாமல் காய்ச்சச் சொல்லிவிட்டேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அத்தை எண்ணெய் தேய்க்க மாட்டேன் என்கிறார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

பணிவுடன்,
லட்சுமி

*

கோயம்புத்தூர்
3.3.2025

அன்புள்ள லட்சுமிக்கு,

கடிதம் கிடைத்தது. அனைவரும் சுகம் என்று அறிந்து மகிழ்ச்சி. நான் சொல்லி அம்மா கேட்டதாக எனக்கு நினைவில்லை, நீயே சொல்.

பலகையில் பெயர் எழுதும் ஏற்பாடு பள்ளிக்கூடத்தில் நல்லது. வளர்ந்தவர்களுக்கு எத்தனை நாள் அந்த ருசி இருக்கும் என்று தெரியவில்லை. எங்கள் கல்லூரியிலும் வருடா வருடம் புதிய முறை என்று ஒன்று வருகிறது. கூட்டம் போடுவார்கள், வடை கொடுப்பார்கள். கொண்டுவந்தவர் மாற்றலாகிப் போன மறு வாரம் அது இருந்த இடம் தெரியாது.

பசை விஷயம் படித்தேன். ஒரு மாதம் போகட்டும், எழுது.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

கற்பகம்

*

நாரணாபுரம்
5.4.2025

அன்புள்ள மதினிக்கு,

நீங்களும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் சரியில்லை.

பசை தோற்றுவிட்டது. போன வெள்ளிக்கிழமை கோடவுனைத் திறந்தால் கரப்பான் கூட்டம். மைதாவை ருசி பார்த்துப் பெட்டி மூலையெல்லாம் அரித்துத் தின்றிருக்கிறது. கடைசி மூன்று வாரத்தில் ஒட்டியது முழுவதும் வீண். எறும்பும் பூச்சியும் அண்டாமல் இருக்கத்தான் மயில்துத்தம் போட்டிருக்கிறார்கள் என்பது கரப்பான் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை எல்லோர் முன்னாலும், "நாந்தான் மாத்தச் சொன்னேன், தப்பு எம்மேலதான்" என்றேன். கேட்டில் காவல் இருக்கும் சங்கிலிமுத்து அண்ணன், "கரப்பானுக்கு இந்த வருசம் சீசன் முன்னாடியே வந்துருச்சு தாயி" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கும் அழுகை நின்றுவிட்டது. அத்தை இரவு எனக்குப் பிடிக்கும் என்று கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொடுத்தார்கள்.

மதினி, மயில்துத்தத்துக்குப் பதிலாகக் கையைப் புண்ணாக்காத வேறு ஏதாவது இருக்கிறதா? உங்களுக்குத் தெரியாத கெமிஸ்ட்ரியா? இரண்டு வரி எழுதினால் போதும்.

பங்குனிப் பொங்கலுக்கு நீங்கள் வருவீர்கள் என்று அத்தை எதிர்பார்க்கிறார்கள்.

லட்சுமி

*

கோயம்புத்தூர்
24.4.2025

அன்புள்ள லட்சுமிக்கு,

பொங்கலுக்கு வர முடியவில்லை. தேர்வு வேலை. இவருக்கு இருமல், இப்போது பரவாயில்லை.

அம்மா உனக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள் என்று எழுதியிருந்தாய். இரண்டு மூன்று தடவை அந்த இடத்தைப் படித்தேன். ஒரு நாள் வேலை வீணானாலே அப்பா அன்று வீட்டில் யாருடனும் பேசமாட்டார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள். மூன்று வார வேலை வீணாகியும் உன்னை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

நீ செய்தவை சரியாக வந்ததைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. யார் செய்தாலும் சில சரியாக வரும். தவறு செய்துவிட்டு மறுநாளும் அதே நாற்காலியில் போய் உட்கார உனக்கு முடிகிறது பார், அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த இடத்தில் தவறு செய்து பார்க்கக்கூட எனக்கு ஒரு நாள் கிடைக்கவில்லை.

வெயிலில் அலையாதே. அம்மாவுக்கு மோர் கொடு.

கற்பகம்

*

நாரணாபுரம்
7.5.2025

அன்புள்ள மதினிக்கு,

அண்ணனுக்கு இருமல் முழுக்க விட்டுவிட்டதா? தூதுவளை கொடுத்துப் பாருங்கள். இங்கே எல்லோரும் சுகம். அத்தை மோர் குடிக்கிறார்கள்.

பசை பற்றி எழுத உங்களுக்கு நேரம் கிடைத்திருக்காது. பரவாயில்லை, அது தீர்ந்துவிட்டது. மயில்துத்தம் இருக்கட்டும், விரல்தானே படக்கூடாது என்று நார் மட்டையில் பிரஷ் மாதிரி நறுக்கிக்கொண்டு வந்தாள் ஒருத்தி. முதல் வாரம் வேகம் குறைந்தது, இப்போது பழகிவிட்டது.

இப்போது ஒரு விஷயம் உங்களிடம்தான் கேட்க வேண்டும். மார்ச்சிலேயே மாரித்தாய் எழுப்பியது. நான்தான் எப்படி எழுதுவதென்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அவள் லேபிளைத் தூக்கிக் காட்டி, "எங்கள மட்டும் நூல்சேலைதான் கட்டணுங்கீக. இந்தப் பாப்பா நைலான் பாவாடையக் கட்டிக்கிட்டு, தன்னந்தனியா மத்தாப்பப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. இதப் பாத்து எத்தன புள்ளைக பிடிக்கும்" என்றாள். பலகையில் எழுதிவிட்டேன்.

கற்பகம் மார்க் என்ற பெயர் மாறாது மதினி. படத்தில் மட்டும் ஆள் இல்லாமல், மத்தாப்புப் பூ ஒன்று போதும் என்று நினைக்கிறோம். ஃபாக்டரி இவருக்கு என்று எழுதிய மாமா, லேபிளை மட்டும் உங்கள் பெயரில் பதிந்திருக்கிறார். நீங்கள் கையெழுத்துப் போட்டால்தான் மாற்ற முடியும். பத்திரம் இணைத்திருக்கிறேன். ஜூலை பதினைந்துக்குள் அச்சுக்குக் கொடுத்தால் இந்தத் தீபாவளிக்கு ஆகும்.

உங்கள் மனசு கஷ்டப்படும் என்று தெரியும்.

லட்சுமி

*

கோயம்புத்தூர்
12.5.2025

லட்சுமிக்கு,

அது நைலான் அல்ல. பட்டு. அந்தத் தீபாவளிக்கு அப்பா மதுரையிலிருந்து வாங்கி வந்தது.

எனக்கு அப்போது ஆறு வயது. சிவகாசியில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தார்கள். நான் தன்னந்தனியாக நிற்கவும் இல்லை. நெருப்பைப் பார்த்துப் பயந்து கையை இழுத்தேன் என்று அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அச்சில் அவரை வெட்டிவிட்டார்கள். பெட்டியின் வலது ஓரத்தில் மங்கலாக ஒரு விரல் நுனி தெரியும். உங்கள் மாரித்தாய் அதைப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

பலகையை உயர்த்தினாய், பசையை மாற்றினாய், கரும்பலகை மாட்டினாய். அந்த ஃபாக்டரியில் என்னுடையது என்று இருப்பது அந்தப் படம் ஒன்றுதான். சனிக்கிழமைக் கூட்டம் அதையும் கண்டுபிடித்துவிட்டது.

நலம்.

கற்பகம்

*

நாரணாபுரம்
1.6.2025

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதம் படித்துவிட்டு ஒரு பெட்டியை எடுத்துப் பார்த்தேன். பதினெட்டு வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன், அந்த விரலை அச்சு மை என்றே நினைத்திருந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பாப்பா யார் என்று நான் ஃபாக்டரியில் யாரிடமும் சொல்லவில்லை. இங்கே இருப்பவர்கள் எல்லோரும் அந்தப் படம் எடுத்ததற்குப் பிறகு சேர்ந்தவர்கள். தெரிந்திருந்தால் மாரித்தாய் அப்படிப் பேசியிருக்க மாட்டாள்.

அத்தைக்கு முழங்கால் தேவலை. நீங்கள் எல்லோரும் நலமா?

லட்சுமி

*

நாரணாபுரம்
27.6.2025

அன்புள்ள மதினிக்கு,

பதில் காணோம். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அண்ணனிடம் போனில் கேட்டேன், நன்றாக இருப்பதாகச் சொன்னார். அது போதும்.

கையெழுத்து வராவிட்டால் பழைய லேபிளையே போட்டுவிடுவோம். அதற்காக நீங்கள் எனக்கு எழுதாமல் இருக்க வேண்டாம்.

லைசென்ஸ் வேலையாக ஜூலை பன்னிரண்டாம் தேதி நான் சென்னையில் இருப்பேன். அன்று சனிக்கிழமை. நான் இல்லாமல் கூட்டம் நடக்கப்போவது அதுதான் முதல் தடவை. நடக்குமா, சம்பளத்தை வாங்கிக்கொண்டு எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடிவிடுவார்களா, தெரியவில்லை. கூட்டம் போடுங்கள் என்று நானும் யாரிடமும் சொல்லப்போவதில்லை. சொல்லிவைத்து நடந்தால் அது எனக்காக நடந்ததாகிவிடும் அல்லவா?

சாத்தூரிலிருந்து வெள்ளரிக்காய் வந்தது. உங்களுக்குப் பிடிக்குமே என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

லட்சுமி

*

மதுரை
11.7.2025

லட்சுமிக்கு,

ஒரு வாய்மொழித் தேர்வு நடத்த மதுரைக்கு வந்தேன். விடுதி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் எழுதவில்லை.

அது பட்டு அல்ல. நைலான்தான். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நீ கேட்டிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதுதான் உன்னிடம் எனக்குப் பிடிக்காதது.

மயில்துத்தம் எதற்கு என்பதும் பிப்ரவரியிலேயே எனக்குத் தெரியும். ஒரு மாதம் போகட்டும் என்று ஏன் எழுதினேன் என்று நீ இதுவரை கேட்கவில்லை.

பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பையில் இருக்கிறது. கொடுப்பேனா என்று தெரியாது. நாளை நீ ஊரில் இல்லை என்பதால்தான் நாளை அங்கே வருகிறேன். நீ இல்லாத சனிக்கிழமையில் அந்தக் கூட்டம் நடக்கிறதா என்று என் கண்ணால் பார்க்க வேண்டும். நடக்காவிட்டால் பத்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். நடக்காது என்பது என் கணிப்பு. நடக்கக் கூடாது என்பது என் ஆசை. இரண்டையும் எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

12.7.2025, உன் மேசை

நேற்று எழுதியதில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. இன்று நடந்ததைக் கீழே எழுதுகிறேன்.

மூன்று மணிக்கு வந்து சேர்ந்தேன். சங்கிலிமுத்து கேட்டில் நிறுத்தினார். லட்சுமியின் மதினி என்றேன். எழுந்து கும்பிட்டார், போனை வாங்கி வைத்துக்கொண்டார், ஆனால் கேட்டைத் திறக்கவில்லை. "சேலை என்னங்க தாயி?" என்றார். குனிந்து பார்த்தேன். விடுதியிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சேலை. பட்டு என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "இதோட உள்ள விட முடியாதுங்க. லட்சுமித் தாயி வந்தாலும் இதேதான்" என்றார். இருபத்திரண்டு வருடமாக வேதியியல் நடத்துகிறவள், பட்டாசு ஃபாக்டரிக்கு நைலான் சேலையில் வந்து நின்றேன்.

மாரித்தாய் ஒரு நூல்சேலை கொண்டுவந்தாள். அது என் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. உடம்பில் ஏறிய நிலைமின்சாரம் இறங்க, வாசலில் இருந்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனேன். அப்பா காலத்தில் அந்தத் தகடு இல்லை.

சம்பளம் போட்டு முடித்தார்கள். நான் வேப்பமரத்தைப் பார்த்தபடி நின்றேன். கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. இரண்டு பெண்கள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கேட்டுப் பக்கம் நடந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. அவர்கள் குழாயடியில் வாளியைக் கழுவிவிட்டுத் திரும்பிவந்து மரத்தடியில் உட்கார்ந்தார்கள். பிறகு எல்லோரும் வந்தார்கள். சங்கிலிமுத்து ஆபீஸிலிருந்து பலகையைக் கழற்றி எடுத்துவந்து மரத்தில் சாய்த்துவைத்தார்.

மாரித்தாய்தான் குறை கேட்டாள். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருத்தி ஒன்றும் இல்லை என்றாள். "போன வாரமும் இதையே சொன்ன. வாயத் தொறக்காம இருக்க இது என்ன ஒன் மாமியா வீடா" என்றாள் மாரித்தாய். அவளும் யோசித்து ஒன்று சொன்னாள். சுற்றி வந்து என்னிடம் நின்றது. நான் வெளியாள் என்றேன். "சேலையக் கட்டியாச்சுல்ல, சொல்லுங்கக்கா" என்றாள்.

வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சேலை நீளம் பற்றவில்லை என்றேன். சிரிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. பலகையில் எழுதினார்கள்.

அப்போதுதான் மேலே அந்த வரியைப் பார்த்தேன். "லேபிள் பாப்பா, நைலான்." சுற்றியிருந்த பழைய வரிகள் எல்லாம் அடிபட்டுப் பக்கத்தில் பெயர் ஏறியிருந்தது. அது மட்டும் அப்படியே இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"யாரோ கையெழுத்துப் போடணுமாம். வரலையாம்."

"யாராம்?"

"லட்சுமியக்கா சொல்ல மாட்டேங்காக. பாவம், அவுகளுக்கு என்ன செரமமோன்னு மட்டும் சொன்னாக."

சாக்பீஸை வாங்கி அந்த வரியை அடித்தேன். மாரித்தாய் எழுந்து வந்துவிட்டாள். "சும்மா அடிக்கக் கூடாதுக்கா. முடிச்சவுகதான் அடிக்கணும். பேரு போடணும்."

முடிந்துவிட்டது, பத்திரம் பையில் இருக்கிறது என்றேன்.

"அப்பப் பேரச் சொல்லுங்க."

"கற்பகம்."

"பெட்டி பேரக் கேக்கலக்கா. ஒங்க பேரு."

அதுதான் என் பெயர் என்றேன். ஒருத்தி போய் ஒரு பெட்டியை எடுத்துவந்தாள். கை மாறி கை மாறி எல்லோரும் அதைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். மாரித்தாய் பெட்டியை வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். சங்கிலிமுத்துதான் பேசினார். "அப்பருந்தே சேல விசயத்துல இப்படித்தான் போல."

முதலில் சிரித்தது நான்தான் என்று நினைக்கிறேன்.

மாரித்தாய் பலகையில் என் பெயரை எழுதினாள். பத்திரம் இந்தக் கடிதத்துக்கு அடியில் இருக்கிறது. போகும்போது சேலையை மடித்துச் சங்கிலிமுத்துவிடம் கொடுத்துவிடுவேன்.

கற்பகம்